சிலேட்டில் ஒரு குருவி

நடுக்கடலில் டவர் கிடைக்காதாம். இதைச் சொல்லத்தான் போன மாதம் எங்கள் பழைய டூர் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் ஒத்தக்கடையில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இப்போது கம்பெனி குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி நாலு நாள் கடலைச் சுற்றிக் காட்டுகிறது. பத்துப் பன்னிரண்டு மாடிக் கப்பலாம். அப்பா அம்மா ஒரு மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பிள்ளை எந்த மாடியில், எந்த மூலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரை தெரியும்வரை செல்போனில் குரூப் போட்டு விசாரித்துக்கொள்கிறார்கள். கரை மறைந்ததும் போன் செத்துப்போகிறது.

"சின்னப் புள்ளைங்கன்னா கையைப் புடிச்சுக்கிட்டே திரியும் மேடம். பெரியவங்க பசிச்சா தானா வந்துருவாங்க. இந்தப் பதினாலு, பதினஞ்சு, பதினாறு இருக்கே, அதுதான் பெரும்பாடு. நீங்கள்லாம் போனே இல்லாம எப்படிச் சமாளிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு சிலேட்டை வச்சுச் சமாளிச்சேன். ஒரு தடவை அதே சிலேட்டை வச்சுக் கெடுத்தேன்" என்றேன். நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். காபியைக் குடித்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். முழுக்கதையைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. எனக்கோ நேரத்தைத் தவிர இப்போது வேறு என்ன இருக்கிறது? அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நான் அந்தக் கம்பெனிக்குப் போனது படித்துத் தேர்ந்து போனது அல்ல. மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஹாஸ்டலில் உதவி வார்டனாக ஆறு வருஷம் இருந்தேன். பெரிய வார்டனம்மாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. என் வாய் அப்படி. வேலையை விட்டுவிட்டு வந்த வாரத்தில், மதுரை சிம்மக்கல்லில் ஒரு டூர் கம்பெனிக்குப் பெண் ஆள் தேவை என்று சபையில் யாரோ சொன்னார்கள். வயசுப் பெண்பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் டூருக்கு வரத் தயங்குகின்றன, வண்டியில் ஒரு பொம்பளை ஆள் இருந்தால் தைரியமாக வருவார்கள் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. போய் நின்றேன். "ஹாஸ்டல்ல எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்கள். "எண்பது" என்றேன். "எத்தனை பேரைத் தொலைச்சீங்க?" "ஒருத்தியையும் இல்லை." அவ்வளவுதான் பரீட்சை. மறுவாரம் வண்டியில் ஏறிவிட்டேன்.

அலுவலகம் ஒரு மொத்த வெல்லக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே பாகு வாசனை வந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வழியாக ஈயும் குளவியும் வந்து மேசையில் உட்காரும். அந்த வாசனைக்கு நடுவில், மடிப்புக் கலையாத முழுக்கை வெள்ளைச் சட்டையோடு மானேஜர் சபாபதி சார் உட்கார்ந்திருப்பார். சித்திரை வெயிலில்கூட மணிக்கட்டுப் பித்தானை அவிழ்க்க மாட்டார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான எதையும் இரண்டு தடவை கேட்பார். "வண்டில தண்ணி வச்சாச்சா எஸ்தரம்மா?" வைத்தாச்சு சார். கொஞ்ச நேரம் எதையோ பார்ப்பதுபோல் இருந்துவிட்டு, அதே குரலில், "வண்டில தண்ணி வச்சாச்சா?"

எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் சார், ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"மொதத் தடவை மனுசன் பதட்டத்துல சொல்லுவான்மா. மாத்திச் சொல்றதுக்கு அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுக்கணும்ல" என்றார்.

"எனக்கு அந்த வாய்ப்பெல்லாம் வேண்டாம் சார். நான் மொதல்லயே ஒழுங்காச் சொல்லிருவேன்" என்றேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டுக் குளவியை விரட்டினார்.

சிலேட்டு அவருடைய யோசனை. பள்ளிக்கூடச் சிலேட்டை விட இரண்டு பங்கு பெரியது, மரச்சட்டம் போட்டது, மேலே ஒரு கம்பிக் கொக்கி. வண்டி எங்கே நின்றாலும் அதை வாசல் கம்பியில் மாட்டிவிட வேண்டும். ஊர்ப் பெயரும் வண்டி புறப்படும் நேரமும் மேலே என் கையெழுத்தில் இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகள் நேரத்துக்குள் திரும்பி வந்து, ஆளுக்கொரு அடையாளக்குறியை அவரவர் கையால் சாக்பீஸில் போட வேண்டும். எல்லாக் குறியும் விழுந்த பிறகுதான் நான் விசில் ஊதுவேன். பெற்றவர்கள் பிள்ளை பின்னாலேயே அலைய வேண்டாம், சிலேட்டைப் பார்த்தால் போதும்.

பெயர் எழுதச் சொன்னால் என்ன, எதற்குக் குறி என்று நான் கேட்டேன். "பொம்பளப்புள்ள பேரை ரோட்டுல எழுதித் தொங்கவிட்டா எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? டீக்கடையில நிக்கிறவன் அத்தனை பேரும் படிப்பான்ல" என்றார். சரிதானே? அதனால் டூர் புறப்படும் காலையில் அலுவலகத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் தன் குறியைச் சாரின் நோட்டில் வரைந்துவிட்டுப் போகும். எந்தக் குறி யாருடையது என்பது சாருக்கும் எனக்கும் அந்த வீட்டாருக்கும் மட்டும் தெரியும். ஒரு பையன் பம்பரம் போடுவான். ஒருத்தி மூன்று புள்ளிக் கோலம். பரமக்குடிப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு தடவையும் ஒரு இட்லி வரைந்துவிட்டு, அது நிலா என்று சாதிப்பாள். நேரம் தவறினாலும் குறி போட வேண்டும், ஆனால் சிலேட்டின் குறுக்கே நான் இழுத்திருக்கும் கோட்டுக்குக் கீழே. கோட்டுக்குக் கீழே போட்டால் லேட்டு.

இன்னொரு விதியும் உண்டு. வண்டியைத் தவறவிட்டால் வேறு வண்டி பிடிக்கக் கூடாது, யாரிடமும் துணை கேட்டுப் போகக் கூடாது. சிலேட்டு தொங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். "நாங்க வந்துருவோம்." இதை முதல்நாள் எல்லாப் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்து நான் சொல்ல வேண்டும். ஒருத்தரும் வண்டியைத் தவறவிட்டதில்லை என்பதால் அதைப் பாட்டுப்போல ஒப்பித்துவிட்டுப் போவேன்.

அந்தப் பயணங்களை இப்போது நினைத்தால், நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று குழப்பமாக இருக்கிறது. ஏழு நாள் டூர். தேக்கடிப் படகு, கொச்சி, கன்னியாகுமரி, திருச்செந்தூர் எல்லாம் முடிந்து ஏழாம் நாள் மதுரைக்குத் திரும்புவோம். கரிசல் காட்டு ரோட்டில் மத்தியான நேரம் எல்லோரும் கண்ணயர்ந்துவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடிகள் ஒரே தாளத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும். பருத்திமார் பிடுங்கிய கருப்புக் காடு இரண்டு பக்கமும் ஆடி ஆடிப் பின்னால் போகும். தூரத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் தேங்கிக் கிடப்பதுபோல் கானல் மின்னும். கிட்டப் போனால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். டிரைவர் மூக்கையா அண்ணன் அந்தத் தண்ணீருக்குள் வண்டியை விடுவதுபோல மெதுவாக ஓட்டுவார். கடைசி சீட்டில் பிள்ளைகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு உறங்கும். நான் படிக்குப் பக்கத்தில் மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பேன். இந்த வண்டி எந்த ஊருக்கும் போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நல்லது என்று தோன்றும். எனக்கென்று காத்திருக்க வீட்டில் யாருமில்லாத காலம் அது.

அப்படி ஒரு மே மாத டூரில் வந்தவள்தான் சுகந்தி. பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். மதுரையில் ஏதோ ஒரு அலுவலகத்தில் அவள் அப்பா ஹெட் கிளார்க். அம்மா வாயில்லாத மனுஷி, தலைவலிக்காரி, நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு முன்சீட்டிலேயே படுத்துவிடுவாள். அப்பாவுக்கு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமில்லை. இரண்டு கையையும் ஒரு தட்டு தட்டுவார். சுகந்தி எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும்.

முதல்நாள் வண்டியில் ஏறியதுமே என்னிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "காலேஜு காலேஜுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பஸ் ஏறித் தனியாப் போய் வரணும்ல? இந்த ஏழு நாளும் எப்படி நடந்துக்கிறான்னு பாப்பேன். நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனா காலேஜு. இல்லைன்னா வீட்டோட கிடக்கட்டும், மாப்பிள்ளை பாத்துருவோம்."

சுகந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் குறி ஒரு குருவி. சாக்பீஸை எடுக்காமல் ஒரே இழுப்பில் அலகு, முதுகு, வால், வயிறு என்று வந்து முடித்துவிடுவாள். நானும் ரகசியமாகப் பழகிப் பார்த்தேன். எனக்கு அந்த இழுப்பு வரவில்லை. வால் பக்கம் கையை எடுத்துவிட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டியிருந்தது.

அவளிடம் ஒரு குறை. எதையாவது பார்த்தால் நின்றுவிடுவாள். தேக்கடியில் படகை விட்டு இறங்கியவள் தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களையே பார்த்துக்கொண்டு துறையில் நின்றாள். "இந்தத் தண்ணிதானே அக்கா நம்ம வைகைக்கு வருது?" என்று கேட்டாள். "ஆமாம்டி, அதுக்கு முன்னால நீ வண்டிக்கு வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். ஓடி வந்தும் ஐந்து நிமிஷம் லேட். கோட்டுக்குக் கீழே குருவி. அப்பா சிலேட்டைப் பார்த்தார், விரலை மடக்கி, "ஒண்ணு" என்றார்.

கொச்சியில் இரண்டு ஆனது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அந்தப் பிள்ளை தொடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்காக ஒரு பெண்ணின் படிப்பு போவதா? மறுநாள் காலையில் நேரம் முடியப் போகிறது, அவள் தூரத்தில் ஓடி வருவது தெரிகிறது, அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சாக்பீஸை எடுத்துக் கோட்டுக்கு மேலே ஒரு குருவி போட்டேன். வந்தவள் சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏறிக்கொண்டாள். அதன் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் அப்படிச் செய்தேன். புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி என்று சொல்லும் வாய், இவளுக்கு மட்டும் கையை நீட்டியது.

ஏழாம் நாள் காலையில் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். சாயங்காலம் நாலரைக்குத் திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் மதுரை. ரோட்டோர வேப்பமரத்தடியில் வண்டி, பக்கத்தில் டீக்கடை. சிலேட்டில் 'திருமங்கலம், 4.50' என்று எழுதி மாட்டினேன். எல்லோரும் வீட்டு நினைப்பில் இருந்தார்கள். பிள்ளைகள் வந்து வந்து குறி போட்டன. பம்பரம் வந்தது, கோலம் வந்தது, இட்லி நிலா வந்தது. குருவி மட்டும் வரவில்லை.

டீக்கடையை ஒட்டி ஒரு சந்து இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்த்தேன். சுகந்தி கட்டியிருந்ததுபோலவே அரக்குத் தாவணி ஒன்று வண்டியின் பின்பக்கம் மறைவது தெரிந்தது. அவள்தான், வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அப்பா டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிலேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். விரல் மடக்கிய கை கண்ணில் பட்டது. சட்டென்று போட்டுவிட்டேன். அவர் வந்து குருவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறினார்.

தலையையும் எண்ணினேன். நாற்பத்திரண்டு, சரியாக இருந்தது. மூக்கையா அண்ணனின் மச்சினன் ஒருத்தர் மதுரைக்கு வருவதற்காகப் பின்படி வழியாக ஏறி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கடைசி சீட்டில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. அம்மா தலைவலியில் கண்ணை மூடியிருந்தாள். பின்னால் இருந்த பிள்ளைகள் சுகந்தி அம்மாவோடு முன்னால் இருக்கிறாள் என்று நினைத்தன. அம்மாவும் அப்பாவும் அவள் பிள்ளைகளோடு பின்னால் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். நான் விசில் ஊதினேன்.

சிம்மக்கல்லில் வண்டி நின்று பெட்டிகளை இறக்கும்போது அப்பா கையைத் தட்டினார். யாரும் ஓடி வரவில்லை. இன்னொரு தட்டு. வண்டிக்குள் கடைசி சீட்டிலிருந்து துண்டை உதறிக்கொண்டு ஒரு மீசைக்காரர் இறங்கினார்.

சபாபதி சார் எப்போதும்போல் படிக்குக் கீழே வந்து நின்றிருந்தார். டூர் முடிந்து வரும் சிலேட்டை அவர்தான் கையில் வாங்குவார், நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பார். இப்போதும் வாங்கினார். அதற்குள் அப்பாவின் சத்தம் தெருவைக் கூட்டிவிட்டது.

"வண்டிக்கு வந்து குறி போட்டிருக்கா! நான் என் கண்ணால பாத்தேன். போட்டுட்டுப் பெறகு எறங்கிப் போயிருக்கா. வேணும்னே போயிருக்கா! திட்டம் போட்டுல்ல பண்ணிருக்கா! காலேஜாம் காலேஜு..."

அம்மா அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சார் நோட்டைத் திறந்து சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "எஸ்தரம்மா, அந்தப் பிள்ள குறி போட்டதைப் பாத்தீங்களா?"

"சிலேட்டுல இருக்குல்ல சார்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் வெல்லக்கடையின் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு அதே குரலில், "அந்தப் பிள்ள குறி போட்டதைப் பாத்தீங்களா?"

"இருக்குல்ல சார்" என்றேன் நான்.

என் விரல் நுனியில் சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

கம்பெனிக் காரில் சாரும் அவள் அப்பாவும் நானும் திருமங்கலத்துக்குத் திரும்பினோம். சார் சிலேட்டையும் எடுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திருப்பரங்குன்றம் மலை பக்கத்தில் வந்து, நின்று, பின்னால் போனது. காடெல்லாம் மஞ்சள் வெளிச்சம் படுத்துக் கிடந்தது. அதே ரோடுதான், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்ததுதான், ஆனால் நான் பார்த்தே இராத ஊருக்குப் போவதுபோல் இருந்தது. ஒவ்வொரு மைல்கல்லும் வரும்போது, அடுத்த கல்லில் சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பேன். சொன்னால் வேலை போகும். எண்பது பிள்ளைகளில் ஒருத்தியையும் தொலைக்காதவள் என்ற பேர் போகும். சொல்லாவிட்டால்? பிள்ளை கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம். இப்படியே கல் கல்லாகக் கடந்துகொண்டிருந்தேன். வெட்கக்கேடு. இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் மைல்கல்லைப் பார்ப்பதில்லை.

வேப்பமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

வண்டியின் வாசல் இருந்த அதே இடம். டீக்கடைக்காரர் ஸ்டூல் போட்டிருந்தார், அதில் உட்காரவில்லை. கார் நின்றதும் அவர்தான் முதலில் ஓடி வந்தார். "எம்புட்டோ சொன்னேன்யா. காமணிக்கு ஒரு பஸ்ஸு மதுரைக்குப் போகுது, ஏத்தி விடுறேன் தாயின்னேன். 'இங்கதான் நிக்கச் சொல்லிருக்காங்க, வந்துருவாங்க'ன்னு ஒரே பேச்சு. ரெண்டு மணி நேரமா நகரல."

நான் பாட்டுப்போல ஒப்பித்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அப்பா காரை விட்டுப் பாய்ந்து இறங்கினார். "குறி போட்டுட்டு எறங்கி எங்கடி போன? யாரப் பாக்கப் போன?"

"நான் குறி போடலப்பா. நான் வண்டிக்கே வரல. வாரதுக்குள்ள வண்டி போயிருச்சு."

"பொய்! சிலேட்டுல இருக்குடி!" என்று ஓங்கி ஒரு அறை விட்டார்.

சுகந்தி கன்னத்தைப் பிடிக்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். யார் போட்டிருப்பார்கள் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, 'அக்காதான்' என்று சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த அடிக்குத் தயாராக நின்றாள்.

"அடிக்காதீங்க!" என்று நான் கத்தியது டீக்கடைக்கே கேட்டிருக்கும். "அவ பொய் சொல்லல. அந்தக் குருவியை நான்தான் போட்டேன். இதுக்கு முன்னாடியும் மூணு தடவை போட்டிருக்கேன். அவ வராமலே வந்துட்டான்னு வண்டியை எடுக்க வச்சது நான்தான். அடிக்கணும்னா என்னை அடிங்க."

அப்பாவின் கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கோபம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. என்னென்ன சொன்னார் என்று எழுத மாட்டேன், ஆனால் ஒரு வார்த்தையும் அநியாயம் இல்லை. சபாபதி சார் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அப்பா முடித்ததும் சார் சொன்னார்.

"ஐயா, நீங்க பேசினது நியாயம். தப்பு எங்க மேல. ஆனா ஒண்ணு. உங்க பிள்ள, நிக்கச் சொன்ன இடத்துல ரெண்டு மணி நேரம் நின்னுருக்கு. நிக்கச் சொன்ன இடத்துல நிக்காதது எங்க ஆளுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், "ரெண்டு தடவை கேட்டேனே எஸ்தரம்மா" என்றார். நோட்டைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. வால் பக்கம் கை எடுத்த குருவி அது.

"அப்ப எங்கதான் போன?" என்று அப்பா மறுபடி மகளிடம் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. சுகந்தி என் காதருகே வந்து ஒரே சொல் சொன்னாள். "தூரமாயிட்டேன்க்கா."

காலையில் கோயிலுக்குப் போய் வந்த நாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? சந்துக்குள் ஓடி, தெரியாத வீட்டில் ஒரு அம்மாவிடம் அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். அந்தப் புண்ணியவதி பழைய துணி கொடுத்து, பாவாடையை அலசவிட்டு, பின்பக்கத்து வெயிலில் காயும்வரை உட்கார வைத்திருக்கிறாள். நான் பார்த்த தாவணி வேறு யாரோ. வண்டியில் ஒரு பொம்பளை ஆள் எதற்கு என்று முதலாளி என்னை எடுத்தார்? இதற்குத்தானே? ஏழு நாளில் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டு, எது வேண்டுமானாலும் என்னிடம் கேள் என்று நான் சொல்லவில்லை. பொய்க்குருவி போடத்தான் தெரிந்தது.

"ஐயா, அது பொம்பளைங்க சமாச்சாரம். அவங்க அம்மாகிட்ட நான் வந்து சொல்லுறேன். நீங்க கேக்க வேண்டாம்" என்றேன் அவள் அப்பாவிடம். அவர் அப்புறம் கேட்கவில்லை.

சார் காரிலிருந்து சிலேட்டை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் குருவியை மட்டும் துடைத்தார். வேப்பமரத்துப் பட்டையில் சிலேட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, சாக்பீஸைச் சுகந்தியிடம் நீட்டினார்.

"இப்ப வந்துட்டேன்னு போடும்மா."

அவள் வாங்கிக் குருவியைப் போட்டாள். ஒரே இழுப்புதான். பிறகுதான் சார் டிரைவரைப் பார்த்து, காரை எடுக்கலாம் என்றார்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அந்த வாயில்லாத மனுஷி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவர நான் பாத்துக்கிறேன்மா" என்றாள். அந்த 'நான்' இப்போதும் காதில் இருக்கிறது.

கம்பெனி என்னை அனுப்பவில்லை. ஆனால் சார் சிலேட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மிச்சக் கோடை முழுவதும் வெல்ல வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து டிக்கெட் எழுதினேன். என் இடத்தில் வேறொருத்தி வண்டியில் போனாள். ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் ஜன்னலுக்கு வராமல் இருக்க ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். பிள்ளைகளின் சத்தம் மட்டும் மேலே வரும். அந்த நாட்களும் ஒரு கானலாகத்தான் நினைவில் இருக்கின்றன.

அந்தக் கப்பல் பெண்கள் மறுபடி வந்தால் சொல்வேன். மாடிக்கு மாடி ஒரு சிலேட்டு மாட்டுங்கள், ஆனால் நீங்கள் தொடாதீர்கள். வந்தேன் என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதன் பேரில் இரக்கப்பட்டுக்கூட நாம் சொல்லக் கூடாது.

ஜூலை மாதம் ஒருநாள் காலை. அலுவலகத்தைத் திறக்க வந்தேன். படிக்குக் கீழே சுவரில், அடுத்த டூர் எந்தத் தேதியில் என்று எழுதிப் போட ஒரு பழைய சிலேட்டு தொங்கும். அதன் மூலையில், எழுத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், ஒரு குருவி. அலகு, முதுகு, வால், வயிறு. எங்கும் கை எடுக்கவில்லை. பக்கத்தில் 8.40 என்று நேரம்.

கல்லூரிக்குப் போகிற பஸ்ஸைச் சிம்மக்கல்லில்தான் மாறி ஏற வேண்டும். ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தேன். சைக்கிளும் ஜட்காவும் மூட்டை சுமப்பவர்களும்தான் தெரிந்தார்கள். பஸ் போய்விட்டிருந்தது. அங்கேயே நின்று அழுதேன். வெல்லக்கடைக்காரர், "என்னம்மா, ஊருக்கு யாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

சபாபதி சார் வந்தார். சிலேட்டைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"சுகந்தி சார்."

அவர் தெருவையும் மூட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"சுகந்தி சார்."

படியேறிப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, வண்டியின் பெரிய சிலேட்டும் ஒரு புதுச் சாக்பீஸும் என் மேசை மேல் இருந்தன.